இன்சுலினும் உணவின் அளவும்

நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் வழங்கும் நோய்க்கு உணவிலுள்ள மாப்பொருளைக் குறைத்தல் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவந்த பரிகாரமாகும். இன்சுலின் கண்டறியப்படுதற்கு முன்னர், அமெரிக்க வைத்தியராகிய பிரடெரிக் அலன் என்பார் நோயாளரை ஏறக்குறையப் பட்டினி நிலையில் வைத்தே அவர்தம் வாழ்நாளைச் சிறிது நீட்டித்தார். 1921ஆம் ஆண்டிலே கனடா நாட்டு ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்போர் விலங்குகளின் சதையியிலிருந்து இன்சுலின் அடங்கிய சாற்றைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசிமூலம் செலுத்தப்பட்டது. இன்று இன்சுலின் ஏற்றிக்கொண்டே மாப்பொருள் குறைந்த உணவையும் மேற்கொள்வோர் பலர். இவ்விரு பரிகாரங்களும் தனித்தனியே நன்மை பயப்பனவாயினும், ஒருங்கு சேருமிடத்து அளவறிந்து கைக்கொள்ளப்படாவிடின் ஆபத்தை விளைவிக்கும்.

இன்சுலினை அளக்கும் அலகின் வரலாறே இதனைப் புலப்படுத்தும். தொடக்கத்தில், 24 மணிநேரம் உணவின்றி வைக்கப்பட்ட 2 கிலோகிராம் நிறையுள்ள முயலின் குருதி வெல்லத்தை 100 மில்லிலீற்றருக்கு 45 மில்லிகிராம் என்னும் வலிப்பு நிலைக்குத் தாழ்த்தும் இன்சுலினே ஓர் அலகெனக் கொள்ளப்பட்டது. பின்னர் அவ்வலகு திருத்தப்பட்டது. உணவுண்ட முயலிலும் பட்டினி கிடந்த முயலிலும் இன்சுலின் ஒரே வகையாகத் தொழிற்படாது; ஆதலின் பட்டினி ஒரு நிபந்தனையாயிற்று. வலிப்புற்ற முயலுக்குக் குளுக்கோசு செலுத்தியபோது அது மீண்டும் எழுந்தது. மருந்தின் வலிமை உணவின் அளவைச் சார்ந்தது என்பதும், மிகையான இன்சுலினுக்கு மாற்று குளுக்கோசே என்பதும் அன்றே தெளிவாயின.

நோயற்றவரின் சதையி, குருதி வெல்லம் தாழுமிடத்து இன்சுலின் சுரப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசிமூலம் ஏற்றிய இன்சுலினோ அங்ஙனம் அடங்குவதன்று. ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் மதிய உணவில் 60 கிராம் மாப்பொருளுக்கு, 10 கிராமுக்கு ஓர் அலகு என்னும் வீதத்தில் 6 அலகு ஏற்றிவந்தார் என்க. அவர் சோற்றைக் குறைத்து 20 கிராம் மாப்பொருளே உண்பாராயின் 2 அலகே போதும். பழைய அளவையே ஏற்றினால் 4 அலகு மிகையாகும். அவர் உடலில் ஓர் அலகு 40 மில்லிகிராம் தாழ்த்துமாயின், மிகையானவை 160 மில்லிகிராம் தாழ்த்த முயலும். உணவுக்கு முன் 150 இல் நின்ற குருதி வெல்லத்துக்கு இஃது எத்துணைக் கேடு என்பது கூறாமலே விளங்கும். இவ்வீதங்கள் ஆளுக்காள் வேறுபடுவன. வைத்தியரே அவற்றை வகுத்தல் வேண்டும்.

மேலும், இறைச்சி, மீன், முட்டை முதலியவற்றின் புரதத்தில் ஒரு பகுதி பல மணிநேரத்திற் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறும். கொழுப்பு இரைப்பை வெறுமையாவதைத் தாமதிக்கச் செய்யும். விரைந்து தொழிற்படும் இன்சுலினோ ஒன்றிரண்டு மணிநேரத்தில் உச்சத்தை எய்தும். ஆகவே உணவு உண்டவுடன் தாழ்வும், பின்னர் உயர்வும் நேரலாம். நாள் முழுவதும் தொழிற்படும் நீண்டகால இன்சுலினையும் குறைக்க நேரிடலாம். இல்லையேல் இரவுத் துயிலிலே தாழ்வு நேரும். கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு போன்ற குளிகைகளை உட்கொள்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். எனவே உணவை மாற்றும் முன்னரே வைத்தியரை அணுகி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளுதலும், மாற்றிய நாட்களில் அடிக்கடி குருதியைச் சோதித்தலும் இன்றியமையாதன. எனினும் முதலாம் வகை நீரிழிவுடையோர் எக்காரணத்தாலும் இன்சுலினை முற்றாக நிறுத்தலாகாது. நிறுத்தின் கீற்றோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு இறுதி நேரும்.

குருதி வெல்லம் 70 மில்லிகிராமுக்குக் கீழ்ப்படின் நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பசி என்பன தோன்றும். மேலும் தாழுமாயின் மனக்குழப்பமும் மயக்கமும் உண்டாகும். அப்பொழுது 15 கிராம் குளுக்கோசையோ, மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த நீரையோ உடனே பருகி, 15 நிமிடத்தின் பின் மீண்டும் சோதித்தல் வேண்டும். உயராவிடின் அவ்வாறே மீளவும் செய்க. கச்சான், பாற்கட்டி, சொக்கிலேற் ஆகியவை கொழுப்பு மிக்கவையாதலின் விரைவில் உதவா. உணவு விரதம் கெடுமென அஞ்சிச் சீனியைத் தவிர்ப்பது பெரும் பிழை. அவ்வேளையில் சீனி உணவன்று, மருந்தேயாகும்.

மயங்கியவருக்கு வாய்வழி எதனையும் புகட்டலாகாது. குளுக்ககன் ஊசி உளதாயின் ஏற்றி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஈரலிற் சேமித்துள்ள கிளைக்கோசனைக் குளுக்கோசாக்குவதே அவ்வூசியின் தொழில். மாப்பொருள் குறைந்த உணவு உண்போரிடம் அச்சேமிப்புக் குறைந்திருத்தலால் ஊசியின் பயனும் குன்றக்கூடும்; ஆதலின் நாளவழி குளுக்கோசு ஏற்ற நேரிடலாம். நோயாளர் மாத்திரமன்றி, அவருடன் வாழ்வோரும், அவர் பயிலும் வகுப்பின் ஆசிரியரும் தோழரும் இவற்றை அறிந்திருப்பாராயின், தக்க தருணத்தில் ஓர் உயிரைக் காத்தல் இயலும்.