மியூனிக்கில் யாருக்கு இலவசம்?

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற விளம்பரம் இன்னும் முழுப் பொய்யாகிவிடவில்லை. ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அது பழைய செய்தி. 2024 குளிர்காலப் பருவம் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேருவோரிடம் அந்த அரசுப் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்குகிறது. இளநிலைக்குப் பருவம் ஒன்றுக்கு 2,000 அல்லது 3,000 யூரோ. முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000. பக்கத்து இருக்கையில் உட்காரும் ஜெர்மானியருக்கும் இத்தாலியருக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. கற்பித்தலின் தரத்துக்கும் மாணவர் வசதிகளுக்கும் பணம் தேவை என்பது நிர்வாகத்தின் விளக்கம். தேவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை யார் தலையில் கட்டுவது என்று முடிவுசெய்தது கணக்குப் புத்தகம் அல்ல. எதிர்க்க வழியில்லாதவர் யார் என்று பார்த்தே அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

கோட்டைகள் கட்டிக் கடனில் மூழ்கிய பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1868இல் தொடங்கிய பாலிடெக்னிக்தான் இது. குளிர்பதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடி கார்ல் ஃபான் லிண்டே இங்கே பேராசிரியர். அவரிடம் படித்தவர் டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல். அந்தக் காலத்தில் கல்வி இலவசம் அல்ல. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் விரிவுரை கேட்பதற்கென வாங்கப்பட்ட கட்டணம், மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு 1970 வாக்கில்தான் ஒழிந்தது. 2005இல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், கட்டணத்துக்கு மத்திய அரசு விதித்திருந்த தடை செல்லாது, கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. உடனே பல மாநிலங்கள் வசூலில் இறங்கின. பவேரியா 2007 முதல் பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கியது. அது ஆறே ஆண்டுதான் நீடித்தது. 2013 ஜனவரியில் கட்டணத்துக்கு எதிரான மக்கள் மனுவில், தேவையான 10 விழுக்காட்டையும் தாண்டி 14 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்காளர்கள் நகராட்சி அலுவலகங்களுக்குப் போய்க் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலத் தேர்தல். ஆளுங்கட்சிக்குக் கணக்கு உடனே புரிந்தது, கட்டணம் ரத்தானது. பத்தாண்டு கழித்து, 2023இல் நடைமுறைக்கு வந்த பவேரிய உயர்கல்விச் சட்டம், அயல்நாட்டு மாணவர்களிடம் மட்டும் கட்டணம் வாங்கலாம் என்று அனுமதித்தபோது அப்படியொரு மனு எழவில்லை. கையெழுத்திடும் உரிமை அந்த மாணவர்களுக்கு இல்லையே.

இத்தாலியருக்கு மட்டும் ஏன் சலுகை? பவேரியத் தேர்தலில் அவருக்கும் வாக்கில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் நிற்கிறது. 1985இல், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் படக்கதை ஓவியம் படிக்கப் போன பிரெஞ்சு மாணவி ஒருவர், தன்னிடம் அயல்நாட்டவர் கட்டணம் கேட்டதை எதிர்த்து வழக்காடி ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். சொந்த நாட்டு மாணவரிடம் கேட்காததைப் பிற உறுப்பு நாட்டவரிடமும் கேட்கக் கூடாது என்பது அன்று முதல் சட்டம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மியூனிக்கில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த அயல்நாட்டு மாணவர்கள், அந்தப் படிப்பை முடிக்கும்வரை கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றார்கள். நியாயமான ஏற்பாடுதான், சாமர்த்தியமானதும்கூட. வளாகத்தில் கொடிபிடிக்கக்கூடியவர்களுக்குப் பாதிப்பில்லை. பாதிக்கப்படுபவர்கள் இன்னும் சென்னையிலும் புனேயிலும் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மானியரின் வரிப்பணத்தில் அயலார் ஏன் இலவசமாகப் படிக்க வேண்டும் என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. பெற்றோர் ஆண்டாண்டாக வரி கட்டிய குடும்பமும் ஒரு யூரோகூடக் கட்டாத குடும்பமும் ஒன்றா என்று ஒருவர் கேட்டால் அதில் தவறில்லை. ஆனால் இத்தாலியரின் பெற்றோரும் ஜெர்மனியில் வரி கட்டியவர்கள் அல்லர். இந்த வாதத்தை அவரிடம் யாரும் நீட்டுவதில்லை. மேலும், படிக்க வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பத்தாண்டு கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள். வேலை பார்த்து வரி செலுத்துகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்புக்கும் பொறியியல் பட்டத்துக்கும் வேறொரு நாடு செலவழித்த பிறகு, கடைசி இரண்டாண்டை மட்டும் ஏற்று ஒரு பொறியாளரைப் பெறுவது ஜெர்மனிக்கு நஷ்டமா? பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் ஒப்பிட்டால் இது மலிவு என்பார்கள். மலிவுதான். என்றாலும் அண்டை மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க், 2017இல் பருவத்துக்கு வெறும் 1,500 யூரோ விதித்தபோதே புதிதாகச் சேரும் அயல்நாட்டவர் எண்ணிக்கை சரிந்தது. தகுதி பார்த்து உதவித்தொகையும் விலக்கும் தருகிறோம் என்ற பதிலும் உண்டு. அது சிலருக்குக் கிடைக்கும் சலுகை. 2013இல் பவேரிய மாணவர்கள் பெற்றது எல்லோருக்குமான விலக்கு.

இந்திய மாணவருக்குக் கட்டணம் மட்டுமே வாசல் அல்ல. மாணவர் விசா கேட்பவர் 2022 நவம்பர் முதல், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் அமைப்பின் சான்றும் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான தொகை போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் நிலவரப்படி அது 11,904 யூரோ. மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற ‘பவேரியச் சூத்திரம்’ என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1 உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. பத்துக்கு 8 சிஜிபிஏ வைத்திருப்பவர், தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 ஆகிறார். தேர்ச்சி எல்லை 4 என்று வைக்கும் பல்கலைக்கழகத்தில் அதே 8 எடுத்தவருக்கு 2.0 கிடைக்கும். இந்த வாசல்களையெல்லாம் தாண்டி வருபவரிடம்தான், இரண்டாண்டு முதுநிலைக்கு 16,000 முதல் 24,000 யூரோ வரை கேட்கப்படுகிறது. பவேரியச் சட்டம் கட்டணத்துக்கு அனுமதி தந்ததே தவிர, கட்டாயமாக்கவில்லை. எனவே விண்ணப்பிப்பவர் ‘ஜெர்மனியில் இலவசமா’ என்று விசாரித்துப் பயனில்லை. எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தப் பருவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.