நம்பரை சேவ் பண்ணிக்கோங்க!

ஹைதராபாத் மாதாப்பூரில், ஐ.டி.சி. கோஹினூர் ஹோட்டலுக்குப் பக்கத்துச் சாலையோரத்தில் மதியச் சாப்பாடு விற்பவர் ‘குமாரி ஆன்ட்டி’. சாப்பிட்டு முடித்த ஒருவரிடம், மொத்தம் ஆயிரம் ரூபாய் ஆச்சு, ரெண்டு லிவர் எக்ஸ்ட்ரா என்று அவர் கணக்குச் சொன்ன சில நொடி வீடியோ ரீல்ஸில் சுற்றிச் சுற்றி வந்தது. கூட்டம் குவிந்தது. சாப்பிட வந்தவர்களோடு படம் பிடிக்க வந்தவர்களும் சேர, வண்டிகள் நகர முடியாமல் போனது. 2024 ஜனவரி கடைசியில் போலீஸ் கடையை எடுக்கச் சொல்லிவிட்டது. முதல்வர் ரேவந்த் ரெட்டியே தலையிட்டு, அதே இடத்தில் கடை நடக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அடுப்பு மறுபடி எரிந்தது.

சின்ன வியாபாரிகளிடம் ‘ஆன்லைனுக்கு வாங்க’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி வைரலைத்தான் ஆசை காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீடியோ எடுத்தவர் யாரோ. பார்வைகளும் விளம்பரக் காசும் அவருடைய சேனலுக்கு. கடைக்கு வந்தது கூட்டமும் போலீஸும். எல்லாக் கடைக்கும் முதல்வர் வரவும் மாட்டார்.

அதே ஊரில் சார்மினாருக்கு மேற்கே லாட் பஜார். அரக்கு வளையல் தெரு. அரக்கைச் சூட்டில் இளக்கி, நீட்டி, வளைத்து, சூடு ஆறுவதற்குள் கல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கும் கைவேலை. 2024-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே உள்ள ஒரு கடைக்கு ஆன்லைன் என்றால் என்ன தேவை என்று யோசித்தால், ரீல்ஸ் கடைசியில்தான் வரும்.

முதலில் கூகுள் மேப்பில் கடை இருக்க வேண்டும். காசு கிடையாது. ஆனால் கடை உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் சரிபார்ப்பு. தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, கடைப் போர்டைக் காட்டி, சாவி போட்டு ஷட்டரைத் தூக்கி, உள்ளே சரக்கையும் காட்ட வேண்டும். நடுவில் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும். லாட் பஜாரில் இதைச் சாயங்காலம் எடுத்தால் கூட்டத்தின் முதுகுதான் பதிவாகும். காலையில் கடை திறக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த செயலி. இதுவும் இலவசம். அதில் உள்ள கேட்டலாக்கில் 500 பொருள்கள் வரை ஏற்றலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். படத்தைப் போட்டு, ‘விலைக்கு மெசேஜ் பண்ணவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாங்குபவர் மெசேஜ் பண்ண மாட்டார். அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடுவார். வளையலுக்கு விலையோடு அளவும் வேண்டும். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், 2-8 என்றால் இரண்டரை. சென்னையில் இருக்கும் மருமகளுக்கு வாங்குகிறவர், அவள் போட்டிருக்கும் வளையலை ஸ்கேலில் வைத்து உள்பக்கம் அளந்து சொல்லட்டும் என்று ஒரு வரி எழுதினால் திரும்பி வரும் பார்சல் குறையும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த மெரூன், வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது பழுப்பாகத் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில், கையில் போட்டு ஒரு படம் எடுத்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். ரம்ஜான் சீசனில் புது டிசைன் வந்திருக்கிறது என்று தட்டிவிட்டு, ஒருவரும் பார்க்கவில்லையே என்று குழம்புகிற கடைக்காரருக்கு இது தெரிவதில்லை. பில் போடும்போது, “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது மாடல் வந்தா அனுப்புறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆயிரம் லைக்கைவிட சேவ் ஆன நூறு நம்பர் கடைக்குப் பெரிய சொத்து என்பது என் கணிப்பு.

உணவுக் கடைகளுக்கு இது இன்னும் பொருந்தும். உதாரணத்துக்கு டெலிவரி ஆப்பில் 300 ரூபாய்க்கு ஒரு பிரியாணி. 20 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் 60 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 70 ரூபாய் 80 காசு போய்விடும். சரி, அது புது வாடிக்கையாளரைக் கொண்டுவரும் செலவு என்று விடலாம். சாப்பிட்டவர் யார், அவர் போன் நம்பர் என்ன என்பது கடைக்குப் பெரும்பாலும் தெரியாமல் போவதுதான் வலி. இந்திய உணவகங்களின் தேசிய சங்கம் 2021-ல் போட்டி ஆணையத்துக்குக் கொண்டுபோன புகார்களில் இதுவும் ஒன்று.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். தெலங்கானாவில் 20 லட்சம்தான். 2023 அக்டோபர் முதல், பதிவு இல்லாத சின்ன வியாபாரியும் ஆன்லைன் சந்தைகளில் தன் மாநிலத்துக்குள் விற்கலாம். மாநில எல்லை தாண்டினால் பொதுவாகப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி குறியீட்டுக்கு வருவோம். ஹைதராபாத் ஹலீம் 2010-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. இறைச்சி உணவில் நாட்டிலேயே முதல் குறியீடு அதுதான். செம்பு அண்டா, விறகு அடுப்பு, நாள் முழுக்க நீளும் கொதிப்பு என்று செய்முறையைப் பேசியே விற்றார்கள். அரக்கு வளையலுக்கும் அந்தக் கதை கையில் இருக்கிறது. ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தால் மட்டும் போதாது. செய்பவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். கேட்டலாக்கின் முதல் படத்தில் அந்த முத்திரை இருந்தால், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடக்கும் சந்தையில் இது அசல் அரக்கு என்று வாங்குபவருக்கு வேறு சாட்சி தேவைப்படாது.