மலை மேல் ஓடினால் இதயம் என்ன செய்யும்?



ஜூன் மாதம் 800 மீட்டர் ஓட்டப் பயிற்சியில் மூன்றாவது ரவுண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். "உனக்கு மூச்சு பத்தாதுடி, போய் கேரம் ஆடு" என்று சிலர் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் பி.டி. டீச்சர் விடவில்லை. தினமும் தூங்கி எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணி எழுதச் சொன்னார்கள். ஜூனில் நிமிடத்துக்கு 84. நாலு மாதம் ஓடிய பிறகு 72!

ஏன் குறைந்தது? இதயமும் ஒரு தசைதான். பழகப் பழக அது பலமாகும். சாதாரண ஆளுக்கு ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியே போகும். நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு அது 100 மில்லி லிட்டர்கூட இருக்கும். அதனால் அவர்கள் இதயம் நிமிடத்துக்கு 40, 50 தடவை துடித்தாலே போதும்.

எனக்கு ஒரே பெருமை. அறிவியல் சாரிடம், "சார், இனிமே மலை மேல ஓடினாலும் எனக்கு மூச்சு வாங்காதுல்ல?" என்று கேட்டேன். சார் சிரித்துவிட்டு, "1968-ல நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அந்த வருடம் ஒலிம்பிக் நடந்த இடம் மெக்சிகோ சிட்டி. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அப்போது 10,000 மீட்டரில் உலக சாதனையாளர். அவருடைய நேரம் 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்சிகோவில் அவர் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் தெளிய வைத்தார்கள். தங்கம் வென்றவர் கென்யாவின் நஃப்தாலி தெமு. அவருக்கே 29 நிமிடம் 27.4 விநாடி ஆனது. வெள்ளி எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேக்கு. இந்த இரண்டு பேரும் மேட்டு நிலத்தில் வாழ்ந்து பழகியவர்கள்.

அவ்வளவு பலமான இதயம் இருந்தும் கிளார்க் ஏன் விழுந்தார்? இங்கேதான் ஆச்சரியம். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுதான் பஸ். நுரையீரல் பஸ் ஸ்டாப். ஆக்சிஜன் பயணிகள். நாம் சும்மா இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயில் சுமார் முக்கால் விநாடி இருக்கும். வேகமாக ஓடும்போது இதயம் இரத்தத்தை விரட்டுவதால் அந்த நேரம் ரொம்பக் குறையும். சமவெளியில் ஸ்டாப்பில் கூட்டம் தள்ளும். பஸ் கொஞ்ச நேரம் நின்றாலும் நிரம்பிவிடும். மலையில் பயணிகள் மெதுவாகத்தான் ஏறுவார்கள். அங்கே பஸ் சட்டென்று கிளம்பினால் பாதி சீட் காலி! பயிற்சி பெற்ற இதயம்தான் பஸ்ஸை அதிக வேகமாக விரட்டுகிறது. அதனால் உயரத்தில் சாதாரண ஆளைவிட ஓட்டக்காரருக்கே தன் சக்தியில் அதிகப் பங்கு குறைகிறது. அப்போதும் அவர் நம்மைவிட வேகமாகத்தான் ஓடுவார். ஆனால் அவருடைய பழைய வேகம் வராது.

மூச்சுக்கும் ஒரு காவல்காரர் உண்டு. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், "வேகமாக மூச்சு விடு" என்று அது மூளைக்குச் சொல்லும். இதை ஆராய்ந்த கொர்னேய் ஹேமான்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். ஓடிப் பழகியவர்களில் சிலருக்கு இந்தக் காவல்காரர் அவ்வளவாகப் பதறுவதில்லை. சமவெளியில் அது வசதி. உயரத்தில் அதுவே குறை.

அப்படியானால் வழி என்ன? பொறுமைதான்! மேலே போன முதல் நாட்களில் மூச்சும் நாடித்துடிப்பும் கூடும். சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். அதாவது, பஸ்கள் அதிகமாகும். ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு முக்கியமான விஷயம். "நான் நல்லா ஓடுவேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று உயரமான மலையில் அவசரமாக ஏறக் கூடாது. மலை நோய் மெடலைப் பார்த்து வராமல் இருக்காது. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். அதிகமானால் உடனே கீழே இறங்க வேண்டும்.

சார் சொல்லி முடித்ததும் எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. உலக சாதனையாளரே விழுந்திருக்கிறார். மூச்சு வாங்குவது கேவலம் இல்லை. கிடைக்கிற காற்றை வைத்து உடம்பு உழைக்கிறது என்று அர்த்தம். பழகக் கொஞ்ச நாள் கொடுத்தால் அது நிச்சயம் மாறும். ஆகவே, கிரவுண்டில் யாராவது மூச்சிரைத்து உட்கார்ந்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாடித்துடிப்பை எண்ணச் சொல்லிக்கொடுங்கள். நாலு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி