ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? முதலில் அளந்து பாருங்கள்

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமே இல்லை. கடந்த செமஸ்டர் விடுமுறையில் ஒரு மாலை, வேலை முடிந்த அம்மாவைத் தொழிற்சாலையிலிருந்து அழைத்துவர அப்பாவும் நானும் காரில் கிளம்பினோம். நல்ல மழை. முன்னால் போன மோட்டார் சைக்கிள் சட்டென்று நிற்க, அப்பா பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றுவிட்டன; கார் நிற்கவில்லை. ஸ்டேரிங்கைத் திருப்பியும் நேராகவே வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாகவே அது எரிந்துகொண்டுதான் இருந்தது. 17 வயதான கார். "பழைய காருன்னா ஏதாவது ஒரு விளக்கு எரியத்தான் செய்யும்" என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டுக் காரிலும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏபிஎஸ் செய்யும் வேலை

பலமாக பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் டயர் சாலையைப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கும் முன்சக்கரங்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் திரும்பாது. இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் கவனிக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென வேகம் இழந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை ஏபிஎஸ் கணினி ஒரு நொடிக்குப் பல முறை குறைத்துக் கூட்டுகிறது. அப்போது காலுக்கடியில் பெடல் துடிக்கும். அது கோளாறு அல்ல. பயந்து காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே, காரைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1978-லேயே போஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ், மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்துவிட்டது.

தன்னிடம் கோளாறு இருப்பதாகத் தெரிந்தால் ஏபிஎஸ் கணினி மஞ்சள் விளக்கை எரியவிட்டுத் தானே ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் சக்கரம் பூட்டினால் காப்பாற்ற யாரும் இல்லை. எங்களுக்கு நடந்தது அதுதான்.

கார் முன்பே கொடுத்த துப்பு

விளக்கு எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு இன்னொன்று நடந்தது. காய்ந்த சாலையில், சமிக்ஞை விளக்கை நெருங்கி மெதுவாக நிறுத்தும்போது பெடல் துடித்தது. கார் நிற்காமல் கொஞ்சம் முன்னே தள்ளியது. பிறகு மஞ்சள் விளக்கு எரிந்தது, துடிப்பும் நின்றது. "தானாகவே சரியாயிடுச்சு" என்றார் அப்பா. உண்மையில் ஏபிஎஸ் வேலையை நிறுத்திக்கொண்டதால்தான் துடிப்பும் நின்றது.

முதலில் போன பட்டறையில் காரைப் பார்த்த ஐந்தே நிமிடத்தில் "ஏபிஎஸ் பம்ப் போயிடுச்சு, பழைய சாமான் போட்டாலும் 1,400 ரிங்கிட் ஆகும்" என்றார்கள். எங்கள் வீட்டில் அது என் தங்கையின் டியூஷன் பணத்தையும் சேர்த்த தொகை. இரண்டாவது இடத்தில் ஸ்கேனர் போட்டார்கள். இடது முன்சக்கர சென்சாரின் கோட் வந்தது. 90 ரிங்கிட் கொடுத்துப் பழைய சென்சார் ஒன்றை வாங்கிப் போட்டோம். இரண்டே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

மூன்றாவதாக, அப்பாவின் நண்பர் ஒருவர் தம் வீட்டின் பின்புறம் வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்குப் போனோம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அங்கிள் சொன்னார்: "கோட் எந்தச் சக்கரம்னு சொல்லும்மா. எந்தச் சாமான்னு சொல்லாது."

படிவம் 5 பாடம் பட்டறையில்

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன் என்றதும் அங்கிள் மல்டிமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் கார் போன்ற பழைய கார்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சார், ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தின் பற்கள் அதைக் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. படிவம் 5 இயற்பியலில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுதான். சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மின்னழுத்தமும் குறையும். அதனால் சிறு குறையும் குறைந்த வேகத்தில்தான் முதலில் வெளிப்படும். பெடல் ஏன் சமிக்ஞை விளக்கருகே மட்டும் துடித்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் கண்ணால் பார்த்தோம். பிரேக் எண்ணெய் அளவு, பேட்டரி, ஃபியூஸ், சென்சார் ஒயர், அதன் இணைப்பு எல்லாம் சரியாக இருந்தன. பிறகு சாவியை அணைத்து, இணைப்பைக் கழற்றி, சென்சாரின் மின்தடையை அளந்தேன். இடப்பக்கம் 1,120 ஓம், வலப்பக்கம் 1,090 ஓம். கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியென்றால் சென்சாரில் குறையில்லை. 90 ரிங்கிட் வீண்.

அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, தூக்கி நிறுத்திய சக்கரத்தை ஒரே சீராகக் கையால் சுழற்றினோம். வலப்பக்கம் எண் நிதானமாக இருந்தது. இடப்பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தடுமாறியது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் குறை சுழலும் பொருளில்தான் இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தோம். டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இருந்த பல்வளையத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அடியில் படிந்த துரு வளையத்தை உப்பவைத்துப் பிளந்திருந்தது. விரிசல் இருந்த இடத்தில் பற்களின் இடைவெளி கூடியதால், அது சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கணினி தவறாக நினைத்திருக்கிறது.

ஷாஃப்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, அதே எண்ணிக்கையில் பற்கள் உள்ள புதிய வளையத்தைப் பொருத்தினார் அங்கிள். வளையம் 40 ரிங்கிட், கூலி 150. கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். விளக்கு எரியவே இல்லையென்றால் மகிழ வேண்டாம். யாராவது பல்பைக் கழற்றியிருக்கலாம்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வாகனத்திலிருந்து அதிக இடைவெளி விட்டு ஓட்டி, விரைவில் காட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிரேக்கிலேயே கோளாறு இருக்கலாம்.

மலிவான ஸ்கேனர்களில் பல, இன்ஜின் கோட்டை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் கோட்டையும் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். புதிய கார்கள் பலவற்றில் இருப்பது வேறு வகை சென்சார். அதை நான் செய்ததுபோல் ஓம் அளந்து சோதிக்கக்கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையோ தலையோ நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். பார்ப்பதும் அளப்பதும் நம் வேலையாக இருக்கலாம். பிரேக் குழாயையும் பம்பையும் கழற்றுவது தெரிந்தவர் வேலை.

இயற்பியலை நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன், தேர்விலும் எழுதினேன். அது எதற்கு என்று தெரிந்துகொண்டது தமிழில் பேசிய ஒரு பட்டறையில். அங்கிள் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. ஆனால் அளக்காமல் அவர் எதையும் மாற்றவில்லை.

சென்ற வாரம் மறுபடியும் அம்மாவை அழைத்துவரப் போனோம். வழக்கம்போல் மழை. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை அப்பா காரை எடுக்கவில்லை.