பேத்திக்கு ஒரு ஹெட்போன்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் கண்டி தலதா வீதியிலும் அதனை அடுத்த கடைத்தெருக்களிலும் நானும் என் பேத்தியும் அலைந்தோம். அவள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவி. மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வழியிற் பாட்டுக் கேட்பதற்கு நல்லதொரு ஹெட்போன் வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘காதுக்குள் செருகுகிற குமிழ் வேண்டாம் தாத்தா, காதை மூடுகிற மாதிரி வேண்டும்’ என்பது அவளுடைய நிபந்தனை. பணம் கொடுப்பது என் பொறுப்பு. தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்பே என்று புறப்படும்போது எண்ணியிருந்தேன்.

முதற் கடையிலேயே அந்த எண்ணம் தகர்ந்தது. கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டு கருவிகளையும் மாறி மாறி அணிந்து பார்த்தேன். ‘இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, அம்மா’ என்றேன். அவளோ ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இதில் பாடகி “ச” என்று உச்சரிக்கும்போதெல்லாம் ஊசி குத்துகிறது, தாத்தா’ என்றாள்.

எனக்கு அந்த ஊசி தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். கொழுந்தை வாட்டும் விசிறிகளின் இரைச்சலும், அரைக்கும் உருளைகளின் கடகடப்பும் என் காதுகளிலிருந்து சிறிது சிறிதாகக் கவர்ந்து சென்றவற்றை நான் அந்நாளில் கவனிக்கவில்லை. உட்காதின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க் கலங்களே மனிதனுக்கு உள்ளன. பேரொலியினால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது உச்ச ஒலி. ‘ச’வும் ‘ஸ’வும் மங்கும், குருவியின் குரல் எட்டாது. பிறர் பேசுவது கேட்கும், ஆனால் விளங்காது. ஆகவே அன்றைய தேர்வில் நான் பொருளாளர் மட்டுமே. நீதிபதி என் பேத்தி.

ஹெட்போன் புதிய நாகரிகம் என்று இளைஞர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது வானொலிப் பெட்டிக்கும் மூத்தது. அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவிகளை 1910ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. 1925இல் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி தொடங்கியபோதும், பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்பதற்கு வசதியற்ற பலர் படிகக் கருவியுடன் ஹெட்போனை இணைத்தே கேட்டனர். இசைக்கென்றே இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் கருவியை ஜோன் கொஸ் 1958இல் செய்தார். 1979இல் சோனி நிறுவனத்தின் வோக்மன் வந்தபின்னரே அது வீட்டை விட்டு வீதிக்கு இறங்கியது. வீதிக்கு வந்ததும் ஒரு தொல்லையும் உடன் வந்தது: இரைச்சலை வெல்வதற்காக ஒலியைக் கூட்டும் பழக்கம்.

என் பேத்தி அதுவரை பாவித்துவந்த மலிவான குமிழைப் பஸ்ஸில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒலியில் வைத்தே கேட்பாளாம். கட்டுகஸ்தோட்டையைக் கடந்து பஸ் உறுமத் தொடங்கினால் அதற்குக் குறைத்தால் ஒன்றும் கேளாதாம். இதைச் சொன்ன மாத்திரத்தில் என் நெஞ்சு துணுக்குற்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள கணக்கின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்திற்கு 4 மணி நேரந்தான். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பஸ்ஸில் கழியும் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள்! நல்ல ஹெட்போன் என்பது உரத்துப் பாடுவதன்று; மெல்லப் பாடினாலும் முழுதும் கேட்கச் செய்வது. அன்று நாங்கள் தேடியது இதைத்தான்.

ஆகையால் கடையின் உள்ளறை அமைதியில் சோதிப்பது வீண். வாயிற்படிக்கு வந்து, பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் இரையும் வீதியை நோக்கி நின்று அணிந்து பார்க்கும்படி சொன்னேன். கடைக்காரர் சற்றே முகஞ்சுளித்தார். பின்னர் தாமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

இரைச்சலைத் தடுக்க வழிகள் இரண்டு. காதுறை நன்கு பொருந்தி அடைத்துக்கொண்டால் ஹாரன், பேச்சு முதலிய மேலொலிகள் பெருமளவு அடங்கும். இயந்திர உறுமல் போன்ற தாழ்ந்த ஒலியோ அடைப்புக்கு அடங்காது. அதற்கு எதிரொலி முறை உண்டு. கருவியிலுள்ள நுண்ணிய மைக், வெளி இரைச்சலைக் கேட்டறிகிறது. அதன் மேடு இருக்குமிடத்தில் பள்ளமும், பள்ளம் இருக்குமிடத்தில் மேடுமாக மற்றோர் ஒலியலையை உள்ளே எழுப்புகிறது. இரண்டும் மோதி மடிகின்றன. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது அங்கே தந்த ஹெட்போனில் இரைச்சலன்றி வேறொன்றும் கேளாமையால், இம்முறைக்கான கணக்கை அப்பயணத்திலேயே போடத் தொடங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இம்முறை வெகுபொருத்தம். வீதியைக் கடக்கும்போதும், தண்டவாளத்தின் ஓரம் நடக்கும்போதும் அணிந்தால் அதுவே எமனாகும். பேத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இனி ஒலியின் தரம். கடைக்காரர்கள் தாமே ஒரு பாட்டை ஒலிக்கவிடுவார்கள். தரை அதிர முழங்குவதாகவே அது இருக்கும். அதற்கு மயங்கலாகாது. நூறு முறை கேட்டு நமக்கு மனப்பாடமான பாட்டே உரைகல். நான் வற்புறுத்திய பாட்டு 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் பாட்டு. குரல் எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்று மயங்கும் இடங்கள் அதிலுண்டு. நல்ல கருவியில் குரலின் மூச்சும் நாதஸ்வரச் சீவாளியின் கரகரப்பும் வெவ்வேறாக நிற்கும். மட்டமானதில் இரண்டும் கலந்து சீழ்க்கையாகிவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. அக்காலத்துத் திரைப்பாடல் ஒற்றைத் தடத்தில் பதிவானது. ஆகவே இரு காதிலும் ஒரே ஒலி வந்து, பாடகி நெற்றிக்கு நடுவே நின்று பாடுவதுபோலத் தோன்ற வேண்டும். இடமாகவோ வலமாகவோ அவர் நகர்ந்து நின்றால் கருவியின் இரு பக்கமும் சமமாக இல்லை என்பது தெளிவு. மூன்றாவது கடையிற் பார்த்த விலையுயர்ந்த கருவியொன்றில் ஜானகி வலக்காதின் அருகே குடியேறியிருந்தார்!

தாழ்ந்த ஒலியைச் சோதிக்கப் பேத்தி வேறொரு வழி கண்டாள். எசல பெரஹராவில் தன் கைப்பேசியிலேயே பதிந்து வைத்திருந்த கெட்டபெர முழக்கத்தை ஒலிக்கவிட்டாள். கண்டியில் வளர்ந்த பிள்ளைக்கு அம்முழவின் ஒலி தாலாட்டுப்போலப் பழக்கமானது. அதன் இரு முகங்களும் வெவ்வேறு தோலால் ஆனவை. ஒன்றின் நாதம் கனத்தது, மற்றதன் நாதம் கூர்மையானது. தாழ்ந்த ஒலியை அளவுக்கு மீறி ஊதிவிட்ட கருவியில் இரண்டும் வெற்றுப் பீப்பாயைத் தட்டியதுபோல ஒன்றாகிவிட்டன. ‘இவர்கள் யாரும் பெரஹரா பார்த்ததில்லை போலும்’ என்று சொல்லி அதை ஒதுக்கினாள்.

சுகம் என்பதோ அரை மணி நேரத்துக்குப் பின்னரே தெரியவரும். இவ்வகைக் கருவி பெரும்பாலும் 250 கிராம் அளவில் இருக்கும். அந்த எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் தங்கினால் தலைவலியே மிஞ்சும். பட்டை பரவலாகத் தாங்க வேண்டும். காதுறையின் குழிக்குள் காதுமடல் மடங்காது அடங்க வேண்டும். என் பேத்தி மூக்குக்கண்ணாடி அணிபவள், தோடும் உண்டு. கண்ணாடியின் கால் உறையைச் சிறிது தூக்கினாலும் அவ்விடைவெளி வழியே தாழ்ந்த ஒலி ஒழுகிப் போகும். வெளி இரைச்சல் புகுந்துவிடும். ஆகவே கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோதிப்போர் வீட்டுக்கு வந்தபின் ஏமாறுவர். ஒரு கருவி தோட்டின் திருகை அழுத்தி அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

உறுதியைப் பற்றிக் கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகள் மூன்று. மடக்கும் கீல் உலோகமா, பிளாஸ்டிக்கா? காதுறை தேய்ந்தால் தனியே வாங்கி மாற்றலாமா? பட்டரி இறந்துபோனால் கம்பியிணைத்துக் கேட்க முடியுமா? மலைநாட்டு ஈரக்காற்றில் செயற்கைத் தோல் சீக்கிரமே வெடித்துச் செதில் செதிலாக உதிரும். காதுறை மாற்ற முடியாத கருவிக்கு அன்றே ஆயுள் முடிந்தது. கீலைப் பத்து முறை மடக்கி விரித்துப் பார்த்தேன். இதற்கு என் காது வேண்டியதில்லை, கை போதும். இயந்திரங்களோடு பழகிய கை, எந்தத் திருகு தளரும் என்பதை அறியும்.

ஐந்தாவது கடையில், பகட்டில்லாத கறுப்பு நிறக் கருவி ஒன்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது. வாயிற்படியில் நின்று அதை அணிந்த பேத்தி ஒலியைக் குறைத்துக்கொண்டே போய்ப் பத்துக்கு ஐந்தில் நிறுத்தினாள். ஜானகியும் காருக்குறிச்சியாரும் அங்கேயே தெளிவாகக் கேட்டார்களாம்.

கைத்தொலைவில் நின்று, ‘இதையே கட்டிவிடச் சொல்லட்டுமா?’ என்று வழக்கமான குரலில் கேட்டேன். அவள் என் உதடுகளைப் பார்க்கவில்லை. கண்களை மூடிப் பாட்டில் ஆழ்ந்திருந்தாள். ஆயினும் தலையசைத்து, ‘சரி தாத்தா’ என்றாள். வீதியில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போயிற்று. அவள் சொன்னதை என் காதுதான் இரண்டாம் முறை கேட்க வேண்டியதாயிற்று.