கார் கழுவ எத்தனை ‘பார்’ வேண்டும்?

தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடல் பக்கம் பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் வயல் சகதி டிராக்டர் சக்கரத்தோடு தார்ச்சாலைக்கு ஏறிவிடும். அந்த வழியே போய்வரும் காரின் அடிப்பாகமும் மட்கார்டும் இரண்டே நாளில் மண் அப்பிக் காய்ந்து கிடக்கும். வண்டியை ஆற்றுப் படித்துறையில் இறக்கிக் கழுவுவது பழைய வழக்கம். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தரும் தாமிரபரணியில் டீசலையும் கிரீஸையும் கரைக்கிற அந்த வேலைக்கு, வீட்டு வாசலில் ஒரு பிரஷர் வாஷர் எவ்வளவோ மேல். எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

கடைக்காரர் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘பார்’ கணக்கை. பத்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். அப்படியானால் 120 பார் என்பது 1200 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீருக்குச் சமம். 1868 மீட்டர் அகத்தியமலையில் மூன்றில் இரண்டு பங்கு உயரம்! கார் பெயின்டுக்கு இதுவே தாராளம். 160, 180 என்று போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது கிடைக்கும் அழுத்தம் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். அதில் 90 முதல் 110 வரை இருந்தால் போதும்.

அழுத்தத்தைவிட மோட்டாரை விசாரிப்பது நல்லது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் விலை குறைவு, எடை குறைவு, இரைச்சல் அதிகம். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

நம் ஊரில் மெஷின் கெடுவதற்கு முக்கியமான காரணம் வேறு. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அரை பார் அழுத்தம் இருந்தாலே பெரிது. மெஷின் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் கேட்கும். குழாய் அதைத் தராவிட்டால் பம்புக்குள் காற்று புகுந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். வாங்கும் முன்பே பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலையில்லை. நிரம்பாவிட்டால், டிரம்மிலிருந்து தானே உறிஞ்சும் வசதியுள்ள மெஷினைக் கேட்டு வாங்க வேண்டும். போர் தண்ணீரில் மணல் வரும் வீடுகளில் நுழைவாயில் ஃபில்டர் கட்டாயம். சுவிட்சைப் போடும் முன் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்து, காற்று வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1800 வாட் மெஷின் சுமார் எட்டு ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறிவிடும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே போடுங்கள். ஈரத் தரையில் மின்சாரம் புழங்குவதால், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வீட்டில் இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.

இந்த மெஷின் காரைப் பளபளப்பாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை, கையும் துணியும் படுவதற்கு முன்பே மணல் துகளை உதிர்த்துவிடுவது. பெயின்டில் விழும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை மண்ணோடு சேர்த்துத் துணியால் தேய்ப்பதால் வருபவை. அதனால் முதலில் வெறும் தண்ணீர், பிறகு கார் ஷாம்பூ நுரை, மீண்டும் தண்ணீர். துணி கடைசியில்தான். விசிறிபோல் விரியும் 40 டிகிரி நாசிலை மாட்டி ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் நின்று அடிக்க வேண்டும். ஊசிபோல் பாயும் நாசிலும் சுழலும் நாசிலும் சிமென்ட் தரைக்கு மட்டும். டயரின் பக்கச்சுவரில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே சிதையும். காலில் பட்டால் தோலைத் துளைக்கும். பெயின்ட் உரிந்த இடத்தின் பக்கமும் எஞ்சின் அறையின் ஒயரிங் பக்கமும் போகவேண்டாம். வெயில் ஏறிவிட்டால் நுரை பெயின்டிலேயே காய்ந்து திட்டாகிவிடும் என்பதால் காலையிலோ மாலையிலோதான் இந்த வேலை.

பத்து நிமிடம் விசையை அழுத்தினால் அறுபது, எழுபது லிட்டர் செலவு. திறந்துவிட்ட ஹோஸைவிட இது குறைவு, இரண்டு வாளியைவிட அதிகம். மாதம் ஒருமுறை தூசி துடைப்பவருக்கு வாளியே போதும் என்பேன். நடவுக் காலச் சகதிக்கும்கூட இந்த மெஷின் முழுத் தீர்வில்லை. அடிப்பாகத்தில் இறுகிய மண்ணை எடுக்க, வண்டியைத் தூக்கி நிறுத்தும் வாட்டர் வாஷ் கடைக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது போகத்தான் வேண்டும்.