பரணில் கிடக்கும் அக்ரிலிக் ஷீட்டை எடைக்குப் போடாதீர்கள்



2020-இல் கொரோனா காலத்தில் நம்மில் பலர் கல்லாவுக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு மாட்டினோம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கு போனாலும் அதற்குப் பின்னால் இருந்துதான் சில்லறை கொடுத்தோம். இன்று அது பலர் கடையில் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் கிடங்கில் பருப்பு, பயறு வகைகளுக்கு 24 மரப்பெட்டிகள் செய்யக் கொடுத்தோம். பட்டறையில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே கோடு போட்டு வெட்டினார்கள். ஒன்றுக்கொன்று 3, 4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு பெட்டியின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. இடுக்கு வழியே வண்டு புகுந்து உளுந்து கெட்டது. பாதிப் பெட்டிகளைத் திரும்பச் செய்தோம். கூலியும் நஷ்டம், சரக்கும் நஷ்டம். பிறகு வந்த வயதான ஆசாரி, "முதல்ல ஒரு அச்சு வெட்டிக்குங்க முதலாளி, அப்புறம் நூறு பெட்டி வேணும்னாலும் ஒரே மாதிரி வரும்" என்றார்.

டெம்ப்ளேட் என்று ஆசாரிகள் சொல்லும் அச்சுத் தகடு நம் எடைக்கல் மாதிரி. கல் சரியாக இருந்தால் எல்லா நிறுவையும் சரி. தகட்டை ஒரு முறை துல்லியமாக வெட்டி, பலகை மேல் இருபுறம் ஒட்டும் டேப்பால் ஒட்ட வேண்டும். ரூட்டர் மெஷினில் பேரிங் வைத்த பிட்டை மாட்டினால், பேரிங் தகட்டின் ஓரமாக உருளும், பிட் பலகையை அதே அளவில் சீவும். தகடு தெளிவாக இருப்பதால் அடியில் உள்ள பென்சில் கோடும், பலகையின் முடிச்சும் தெரியும். பிளைவுட் அச்சில் இந்த வசதி இல்லை.

முதலில் ஷீட் எது என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு துண்டை வளைத்தால் அக்ரிலிக் பட்டென்று ஒடியும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். திரை போலத் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இதற்கு உதவாது. 6 மி.மீ. கனம் நல்லது. 3 மி.மீ. என்றால் பேரிங் உருள இடம் போதாது. பென்சிலால் வரைந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம். அக்ரிலிக் கண்ணாடியின் பாதி எடைதான். 8-க்கு 4 அடி, 3 மி.மீ. ஷீட் சுமார் 10½ கிலோ. அதே அளவு கண்ணாடி 22 கிலோவுக்கு மேல்.

வெட்டும் முறை:

1. மேலே ஒட்டியுள்ள காகிதத்தை உரிக்காதீர்கள். இல்லையென்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள்.

2. கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ஜிக்சாவால் வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் ரூட்டரால் எடுங்கள்.

3. பிட் கூர்மையாக இருக்க வேண்டும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரி சூட்டிலேயே இளகும். பிட் மழுங்கினாலோ, கை ஒரே இடத்தில் நின்றாலோ சீவல் உருகி, வெட்டிய இடத்திலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். கை நிற்காமல் சீராக நகர வேண்டும். சீவல் உதிரியாக விழுந்தால் வேகம் சரி.

4. வெளி ஓரத்தைச் சீவும்போது மெஷினைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்த்துங்கள். மாற்றிப் போனால் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும்.

5. ஓரத்தைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். அச்சில் உள்ள ஒரு சின்ன மேடு எல்லாப் பலகையிலும் வரும்.

கண்ணாடியும் முகமூடியும் போடாமல் வேலை செய்ய விடாதீர்கள். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும். தோளில் துண்டு கூடாது.

மிச்சத் துண்டைப் பெட்டி முகப்பில் மாட்டினால் சரக்கு வெளியே தெரியும். திருகு ஓட்டையை 1 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். 20 டிகிரி சூடு கூடினால் 1 மீட்டர் ஷீட் சுமார் 1½ மி.மீ. நீளும்; இடம் இல்லையென்றால் விரிசல் விடும். தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் நூல் நூலாக விரிசல் வரும். சோப்புத் தண்ணீர் போதும். அக்ரிலிக் எரியும் பொருள். சாமி படத்து விளக்குக்கும் சூடத் தட்டுக்கும் அருகில் மாட்டாதீர்கள்.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் வந்த பிளாஸ்டிக் தடை இதற்கும் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகள், கப்புகள் போன்றவற்றுக்கானது. இந்தக் கனமான ஷீட் அதில் சேராது.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் அச்சைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கடைப் பெயர், பெட்டியின் பெயர், பிட்டின் அளவு மூன்றையும் அதன் மேல் எழுதிக் கடையில் ஆணியில் மாட்டி வையுங்கள். நாளை வேறு ஆசாரி வந்தாலும் அளவு மாறாது. இருபத்தைந்தாவது பெட்டி முதல் பெட்டி மாதிரியே வரும்.